போன வழியே வரக் கூடாது

ஆவரம்பாடிக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ரோடுதான். ஊர்க்காரர்களின் யோசனையும் அப்படித்தான். ஒரே ரோடு, நடுவில் திரும்ப இடம் கிடையாது.

அந்த ஊர் அய்யாக்கண்ணுவுக்குத் தாய்மாமன் மகள் செண்பகவல்லி மேல் உயிர். தாய்மாமன் தனகோடி சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையும் வீடும் ஒன்று, வாசலும் ஒன்று. முன்னால் பஞ்சர் ஒட்டுவார், உள்ளே சோறு வேகும். ஊரிலேயே புத்தி தெளிவான ஆள் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு நிம்மதியே கிடையாது.

பெண் கேட்டு வந்த மருமகனைத் தனகோடி ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குப் புத்தி இருக்கான்னு சோதிக்கப் போறதில்லடா. அது வீண் வேலை. காலுல தெம்பாவது இருக்கான்னு பாக்கறேன். சைக்கிள்ல ஒரு பெரிய சுத்து சுத்திட்டு வா. சிதம்பரம் போ. வீராணம் ஏரி வழியா கங்கைகொண்ட சோழபுரம் போ. அங்கேருந்து விருத்தாசலம் போயி ஊர் வந்து சேரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. போன வழியே திரும்பி வரக் கூடாது. பொங்கலுக்குள்ள முடிச்சா பொண்ணு உனக்கு. இல்லன்னா சேத்தியாத்தோப்பு மளிகைக் கடைக்காரர் மகனுக்குப் பேசிடுவேன்."

அய்யாக்கண்ணு அன்றைக்கே கூட்டாளிகள் கோதண்டத்தையும் பக்கிரியையும் கூட்டி வைத்துத் திட்டம் போட உட்கார்ந்தான்.

"ஏரி வழியான்னு சொல்லியிருக்காரு. அப்ப தண்ணிக்குள்ள ஓட்டணும்" என்றான் கோதண்டம்.

"மூச்சு?" என்றான் பக்கிரி.

"சைக்கிளுக்கு ஏதுடா மூச்சு? அதுக்குத்தான் டயர்ல காத்து அடிச்சு வச்சிருக்கே."

ஓட்டிப் பார்த்துவிடுவது என்று ஊர்க் குளத்தில் பக்கிரி தன் சைக்கிளோடு இறங்கினான். பக்கிரி ஏறி வந்தான். சைக்கிள் வரவில்லை. எருமையைக் கட்டி இழுத்தபோது சைக்கிளும் வந்தது, கூடவே போன வருஷம் காணாமல் போன கோயில் அண்டாவும் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேறு கவலை இருந்தது.

அய்யாக்கண்ணு குளக்கரையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது கோதண்டம் கேட்டான்: "டேய், நீ உக்காந்திருக்கியே, இந்தக் கரை யாரோடது?"

"குளத்தோடது."

"அப்ப ஏரிக்கரை ஏரியோடதுதானே? கரை மேல போனாலும் ஏரி வழியா போனதாத்தான் அர்த்தம்."

இப்படி ஒரு மூளை தன் பக்கம் இருக்கிறதே என்று அய்யாக்கண்ணு அவனைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த சிக்கல் ரோடு. ஊருக்கு இருப்பதே ஒன்று. அதில் போனால் அதில் வரக் கூடாது. பக்கிரி, வராமலே இருந்துவிடலாம் என்றான். அப்புறம் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு, நடந்துதான் என்றான். மூவரும் சோறு தண்ணி இல்லாமல் யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரும்போது ரோடு வேண்டும் என்றால் போகும்போது அதைத் தொடக் கூடாது.

தை பிறக்கச் சில நாட்களே இருந்தபோது புறப்பட்டார்கள். தனகோடி கடைக்குள்ளேயே வைத்துக் காற்று அடித்துக் கொடுத்தார். செண்பகவல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மூன்று பேரும் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்கள்.

களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றார்கள்.

"சும்மா, சைக்கிள்ல ஒரு சுத்து" என்றான் அய்யாக்கண்ணு, இடுப்பளவு சேற்றில் நின்றபடி.

அப்புறம் மிதித்தார்கள். சிதம்பரத்தில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடக் கையை விட்டதில் விழுந்தார்கள். வீராணத்துக் கரையில் எதிர்க்காற்று மென்னியைப் பிடித்துத் தள்ளியது. அய்யாக்கண்ணுவுக்குத் தொடை எரிந்தது. செண்பகவல்லியை நினைத்து மிதித்தான், மளிகைக் கடைக்காரர் மகனை நினைத்து இன்னும் வேகமாக மிதித்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் பக்கிரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கங்கையை இங்க கொண்டாந்துட்டாங்கன்னா, காசியில இப்ப என்னடா ஓடுது?"

"மிச்சம்" என்றான் கோதண்டம்.

விருத்தாசலம் தாண்டி, பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், மூவரும் அந்த ஒரே ரோட்டில் ஊருக்குள் நுழைந்தார்கள். தனகோடிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இதை எதிர்பார்க்கவே இல்லை. "உள்ள வாடா மாப்பிள்ளே!" என்றார்.

அய்யாக்கண்ணு வாசற்படியில் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது.

"மாமா, இந்த வாசல் வழியாத்தானே போனேன்?"

"ஆமா, அதுக்கென்ன?"

"போன வழியே திரும்பி வரக் கூடாதே."

உள்ளே செண்பகவல்லி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். இவ்வளவு தூரம் மிதித்து வந்து கடைசி அடியில் அவளை இழப்பதா? தனகோடி, "அது ரோட்டுக்குச் சொன்னதுடா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே கூட்டாளிகள் அவனைக் கூரை மேல் ஏற்றிவிட்டார்கள். நாலைந்து ஓடுகளைப் பிரித்துவிட்டு அவன் குதித்தான். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் சரியாக உட்கார்ந்தான். அவன் சட்டைக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வந்தது.

மேலே இருந்து எட்டிப் பார்த்த பக்கிரி, "மாமா, இவனுக்குப் பஞ்சர்!" என்றான்.

சொன்ன சொல் சொன்னதுதான். தை மாதமே கல்யாணம் நடந்தது. பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். செண்பகவல்லி மட்டும் நகரவில்லை.

"என்னம்மா?" என்றார் தனகோடி.

"இந்த வாசல் வழியா போயிட்டா, அம்மா வீட்டுக்கு நான் எப்படிப்பா திரும்பி வருவேன்?" என்று கேட்டுவிட்டு அவள் விம்மி விம்மி அழுதாள்.

தனகோடி மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். ஏணியை எடுத்து வந்து சாத்தி, அது ஆடாமல் தானே பிடித்துக்கொண்டார். பட்டுப் புடவையோடு மகள் கூரை ஓட்டை வழியாக ஏறிப் போனாள். சீர்ப் பாத்திரங்களும் பின்னாலேயே போயின.

ஆடி மாதம் மகள் சீராட வந்தாள், வாசல் வழியாக. அன்றைக்கு நல்ல மழை. தனகோடி கடைக்குள் குடை பிடித்துக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். டியூப் கொண்டுவந்த வெளியூர்க்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னங்க, கூரையில இவ்வளவு பெரிய ஓட்டை. அடைக்கக் கூடாதா?" என்றார்.

தனகோடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"புத்தி இருக்காய்யா உமக்கு? அதை அடைச்சுட்டா எம் பொண்ணு எந்த வழியா புருஷன் வீட்டுக்குப் போவா?"