ஆவுடையப்பரின் வலக்கை

பொருநைக் கரையில் கல்லாலங்குறிச்சி என்றொரு ஊர். அந்த ஊர்க் கோயிலின் தெற்குப் பிரகாரத்துக்கு நாள்தோறும் விடியுமுன்னே ஒருவர் ஆற்று மணலைக் கூடையில் சுமந்து வருவார். முந்தைய நாள் பிள்ளைகள் எழுதிக் கலைத்த மணலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, புது மணலைச் சலித்து, பிஞ்சு விரலில் குத்தாதபடி கல் பொறுக்கிப் பரப்புவார். அதில் முதல் பிடியை எடுத்து, தெற்குச் சுவரில் வலக்கை தூக்கி உபதேசிக்கும் தென்முகக் கடவுளின் காலடியில் வைப்பார். "சாமி, நீரு வாயத் திறக்காமலே சொல்லிக்கொடுத்தவரு. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. தொண்ட வத்தக் கத்துதேன், ஒரு எழுத்தாவது ஏறட்டும்" என்று வேண்டிக்கொள்வார். அவர்தாம் ஆவுடையப்பர். மணல் சுமக்கும் கூலியும் அவரே, எழுத்துச் சொல்லும் வாத்தியாரும் அவரே.

வாத்தியார் வேலைக்கு ஏன் வந்தீர் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் அறுப்புக்கு அறுப்பு நெல் கிடைக்கும் என்பார். ஒருவருக்குத் தெருவில் நாலு பேர் தோள்துண்டை இறக்கி வழிவிட வேண்டும். வேறு வேலை எதுவும் ஓடாமல் வந்தவரும் உண்டு. ஆவுடையப்பர் வந்த காரணம் அவருடைய தம்பி இசக்கி. அதே பிரகாரத்தில், அந்நாளைய வாத்தியார், ஓர் எழுத்தில் தடுமாறியதற்காக அந்தப் பிள்ளையின் காதோடு சேர்த்து வீசினார் ஓர் அடி. காதில் ரத்தம் வந்தது, காய்ச்சல் கண்டது, அந்த வாரமே பிள்ளை செத்துப் போனான். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "வாத்தியார் கை கொஞ்சம் நீளம்" என்றது. அவ்வளவுதான்! பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த அண்ணன், அந்த மணலில் இனி அப்படியொருவன் உட்காரக் கூடாது என்று வளர்ந்ததும் தாமே வாத்தியாரானார்.

அவர் முறை யாரும் கேள்விப்படாதது. பிள்ளை தப்பினால் பிரம்பு பிள்ளையின் கைக்குப் போகும். வாத்தியாரின் வலக்கை நீளும். "நான் சொன்ன விதம் சரியில்ல தாயி, ஒண்ணு போடு" என்பார். பிள்ளை தெய்வம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பிரகாரத்துக்கு ஒருநாள் வந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே தப்பி, முறைவைத்து அடித்துச் சிரித்த தெய்வங்கள் அவை! குயவர் வீட்டுச் சுடலி ஒருத்திதான் அடிக்க மாட்டேன் என்று அழுவாள். அவளுக்கோ எழுதும்போதெல்லாம் துணைக்கால் மறந்துபோகும். ஆவுடையப்பரும் அவளிடம் கையை நீட்டிக்கொண்டே இருப்பார். அவள் பிரம்பால் தொட்டும் தொடாமலும் தட்டிவிட்டு விம்முவாள்.

பெரியவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? சந்தையில் வழிமறித்து, "வே வாத்தியாரே, நானும் ஒரு தப்புச் சொல்லுதேன், கைய நீட்டும்" என்பார்கள். கோரைப்பாய் முடைந்து குடும்பத்தைக் காத்த மனைவி பேச்சியம்மை, வீங்கிய உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்து வைத்து, "உமக்குப் பைத்தியமா? அடிச்சாத்தான் படிக்கும்னு ஊரே சொல்லுது" என்று ஒருநாள் கத்தினார். "இசக்கி படிச்சானா?" என்று கேட்டார் ஆவுடையப்பர். அந்த அம்மை இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்தார்.

நாட்டாமை சங்கரபாண்டியருக்கு இது ஊர் மானப் பிரச்சினை ஆயிற்று. அடி வாங்கும் வாத்தியார் உள்ள ஊரென்று பெண் எடுக்கப்போன இடத்தில் சம்பந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்களாம். ஒருநாள் காலை, கையில் புளியம்விளாறு பிடித்த ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு பிரகாரத்துக்கு வந்தார். பின்னாலேயே ஊர் திரண்டது.

"இனிமே இவருதான் வாத்தியாரு. பிரம்பக் கொடுத்துட்டுக் கிளம்பும்" என்றார்.

ஆவுடையப்பர் கிழவரை வணங்கி, "ஐயா, இந்த வேலைக்கு எதுக்கு வாறீக?" என்று கேட்டார்.

"அடிக்கத்தான். வேற எந்த வேலையில இப்படி எதுத்து அடிக்காத ஆளு கிடைக்கும்?"

"எழுத்துத் தெரியுமா?"

"ஒண்ணுகூடத் தெரியாது. அது எதுக்கு?"

ஊர் கொல்லென்று சிரித்தது. நாட்டாமைக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப் போயிற்று. "அப்பம் நீரே சொல்லிக்கொடும் வே. பொழுது சாயுறதுக்குள்ள இவரு 'அ' எழுதிட்டா மணல் உமக்கே. எழுதலன்னா பிள்ளைகளும் இவருக்கு, பிரம்பும் இவருக்கு" என்றார். எழுத்துத் தெரியாமல் வந்தவரை விலக்குவது ஆவுடையப்பர் அறியாதது. கிழவரை மணலில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து முதல் சுழியைப் போட்டுக் காட்டினார்.

கிழவர் எதையோ கிறுக்கினார். ஆவுடையப்பரின் கை நீண்டது. விளாறு இறங்கியது. மறுபடி காட்டினார், மறுபடி கிறுக்கல், மறுபடி அடி. வெயில் ஏறிற்று. தோல் கிழிந்து மணலில் ரத்தம் சொட்டியது. அந்த ஈர மணலை ஒதுக்கிவிட்டுப் புது மணலை இழுத்துப் பரப்பி, "என் மேலதான் தப்பு, ஐயா. வேற மாதிரி சொல்லுதேன்" என்றார் அடியார். உச்சி சாய்ந்த வேளையில் விரல் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள்!

கிழவர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன வே, எனக்கு ஒரு அடி போடும். போட்டா எழுதிருவேன்."

"போடும் வே! ஒரே அடி. மணலு காலத்துக்கும் உமக்குத்தான்" என்றார் நாட்டாமையும். கூட்டத்தில் நின்ற பேச்சியம்மை கைகூப்பி, "பிள்ளைகளுக்காகவாவது அடிச்சிருமே" என்று கதறினார்.

ஆவுடையப்பர் விளாற்றைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "அடிச்சு வாற எழுத்து எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, இடக்கையால் கிழவரின் விரலைப் பிடித்தார். பொழுது சாய்ந்தது. எழுத்து வரவில்லை. அடியார் தோற்றார்.

முறிந்த கையால் பிரம்பைத் தூக்க முடியாமல் இடக்கையால் எடுத்துக் கிழவரிடம் நீட்டினார். கிழவர் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு விளாற்றோடு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நீ எழுது" என்றார் சுடலியிடம். பயத்தில் அவளுக்கு விரலே அசையவில்லை. விளாறு காதுக்கு நேராக வீசி வந்தது. ஆவுடையப்பர் பாய்ந்து குழந்தையைத் தம் மார்பில் புதைத்துக்கொண்டார். அடி அவர் காதில் விழுந்தது. இசக்கிக்கு விழுந்த அதே இடம். ஐயா, தென்முகக் கடவுளே, இப்படியுமா ஒருவரைச் சோதிப்பாய்? நெஞ்சு என்ன, உன் சிலையைப் போலக் கல்லா?

ரத்தம் வழியும் தலையை நிமிர்த்தி அடியார் சொன்னது இதுதான்: "இனி நீங்கதான் வாத்தியாரு. கோவமில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பிள்ள மேல ஓங்குறதுக்கு முன்னால, உங்க கையில ஒரு தடவ போட்டுப் பாருங்க."

கிழவர் தம் வலக்கையை நீட்டி, தாமே ஓங்கி அடித்துக்கொண்டார்.

சத்தம் சுவரில் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். உபதேசிக்கும் அந்தக் கல் கையில் உள்ளங்கை பிளந்து, விரல்கள் மூன்று முறிந்து தொங்கின. காலையிலிருந்து விழுந்த அடியெல்லாம் வரிவரியாக அங்கே இருந்தன. மணலில் கிழவர் இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் முத்து முத்தாக ஓர் 'அ' இருந்தது. நாட்டாமை மண்ணில் விழுந்தார். அப்போது ஒரு குரல் எழுந்தது. கோயில் முழுதும் கேட்டது, தெருக்கோடியிலும் கேட்டது.

ஆவுடையப்பருக்கு மட்டும் கேட்கவில்லை. ஒரு காது போய்விட்டது, மற்றதில் வெறும் இரைச்சல். ஊரே அழுதுகொண்டு கும்பிடுவதைக் கண்டு, என்ன, என்ன என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தெய்வம் தமக்கென்று சொன்னதை அவர் ஒருவர்தாம் அறியவில்லை.

சுடலி அவர் மடியிலிருந்து இறங்கி, அந்தக் குரல் சொன்னதை மணலில் மெதுவாக எழுதினாள்: "நீரே என் வத்தியர்."

அடியார் படித்தார். கண் நிறைந்தது. எழுத்தை மறுபடியும் பார்த்தார். இரண்டு இடத்தில் துணைக்கால் இல்லை. பழக்கத்தில் அந்த முறிந்த கையைக் குழந்தையிடம் நீட்டினார். சுடலி அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காதும் கையும் சரியாயின என்று சிலர் கதை முடிப்பதுண்டு. ஆகவில்லை. அவர் அதை வேண்டவும் இல்லை. அதன் பிறகு இடக்கையாலேயே எழுதிக் காட்டினார். வாத்தியாராக வேண்டுமென்று வந்தவர்களுக்கு வேறெதுவும் சொல்லாமல் வலக்கையைக் காட்டுவார். பலர் அப்படியே திரும்பிப் போனார்கள், சிலர் மணல் சுமக்க ஆற்றுக்கு நடந்தார்கள். தென்முகக் கடவுளுக்கே எழுத்துச் சொன்ன ஆவுடையப்பர் திருவடியையும், அந்த மணலைச் சுமந்த தோளையும் நாம் வணங்குவோம்.