நரி சொன்ன மூன்று யோசனைகள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் மான்கூட்டம் ஒன்று இருந்தது. தினமும் விடிந்ததும் மான்கள் ஆற்றங்கரை வரை ஓடிவிட்டுத் திரும்பும். அதனால் அங்கிருந்த சிறுத்தையிடம் அவை சிக்குவதே இல்லை. போதாததற்குச் சிறுத்தைக்குப் பின்னங்காலில் அடி வேறு. பல நாள் பட்டினி.

"உங்கள் காலைச் சரிசெய்ய முடியாது, அண்ணா. மான்களின் காலை மெதுவாக்கிவிடலாம். எனக்கு மிச்சம் கொடுத்தால் போதும்," என்றது நரி.

முதலில் அது ஓர் இளம் மானிடம் போனது.

"தம்பி, உனக்கு வேகம் பிறவியிலேயே இருக்கிறது. இந்த வயதில் எதற்குப் பயிற்சி? இன்னும் கொஞ்சம் தூங்கு."

அடுத்து, குட்டியோடு இருந்த தாய்மானிடம் போனது.

"பிள்ளையைப் பார்ப்பாயா, ஓடுவாயா, அக்கா? அவன் வளரட்டும், அப்புறம் ஓடலாம்."

கடைசியாகக் கிழட்டு மானிடம் போனது.

"முழங்கால் வலியோடு ஓடி எந்தப் பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறீர்கள், ஐயா?"

மூன்றுக்கும் அது நியாயமாகவே பட்டது. மற்ற மான்களும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. ஒரே மாதத்தில் ஆற்றங்கரைப் பாதையில் புல் முளைத்தது.

ஒரு நாள் சிறுத்தை பாய்ந்தது. தாய்மானுக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. குட்டியின் வாலில் நகம் பட்டது. மயிரிழையில் இரண்டும் தப்பின.

அன்று மாலை, ஓடுவதை ஏன் விட்டோம் என்று மான்கள் பேசிக்கொண்டன. நரி சொன்னதெல்லாம் வெளியே வந்தது.

"தம்பிக்கு வயது வரவில்லை. எனக்கு நேரம் இல்லை. ஐயாவுக்கு வயது போய்விட்டது. அப்படியானால் ஓட வேண்டிய வயதுதான் எது?" என்றது தாய்மான்.

"அதையும் நரியிடமே கேட்டுவிடலாம்," என்றது கிழட்டு மான். "ஆனால் என்னால் ஆறு வரை முடியாது, அம்மா."

"பாதி வழியில் இருக்கும் அத்திமரம் வரை நடங்கள். குட்டி உங்களோடு வரட்டும். நான் ஓடிவிட்டு வருகிறேன்."

"நானும் வருகிறேன், அக்கா. தனியாக ஓடினால் சலிப்பாக இருக்கும்," என்றது இளம் மான்.

சில வாரங்கள் கழித்துச் சிறுத்தை மறுபடி பாய்ந்தது. மான்கள் சிதறி ஓடின. கிழட்டு மான்கூட எட்டாத தூரம் போய்விட்டது.

சிறுத்தை திரும்பிப் பார்த்தது. மிச்சம் கிடைக்கும் என்று நம்பி, இரை தேடக்கூடப் போகாமல் புதரடியிலேயே படுத்துக் கிடந்தது நரி.

"நீ கடைசியாக எப்போது ஓடினாய்?" என்று கேட்டது சிறுத்தை.

"எனக்கு எதற்கு அண்ணா ஓட்டம்?" என்றது நரி.

அடுத்த நொடியே சிறுத்தை நரியின் மேல் பாய்ந்தது; அன்று அதன் பசி தீர்ந்தது.

நீதி: ஓடாமல் இருக்க எந்த வயதிலும் ஒரு காரணம் கிடைக்கும், ஆபத்து வயதைக் கேட்டுக்கொண்டு வராது.