பதினேழாம் நம்பர் கல்

"மேடம், நாளைக்கு நான் பரீட்சைக்கு வரலைங்க" என்றாள் சுகிர்தா.

எஸ்தர் மேடம் நிமிரவில்லை. மேசையில் நாற்பது ரெக்கார்டு நோட்டுகள் கிடந்தன. மதியத்திலிருந்து கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்கு விரல் மரத்துப் போயிருந்தது.

"காய்ச்சலா?"

"இல்லீங்க. எனக்குக் கல்லு தெரியலை."

அப்போதுதான் மேடம் பேனாவை மூடினார். இதைச் சொல்வது யார்? நிலவியல் மூன்றாம் ஆண்டின் முதல் மாணவி. ஐந்து செமஸ்டரிலும் செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு. பாதி வகுப்பு இவள் நோட்டைப் பார்த்துத்தான் கரையேறியது.

"மாதிரி அறையில இருக்கற அறுபத்து நாலு கல்லும் உனக்கு அத்துப்படியாச்சே."

"அந்த அறுபத்து நாலுதாங்க தெரியும். வெளிய ஒண்ணும் தெரியலை."

விஷயம் இதுதான். போன வாரம் வகுப்போடு ஒரு குவாரிக்குப் போயிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நடக்க முடியாமல் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். குவாரி மேஸ்திரிக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"நீ உக்காந்திருக்கியே, அது என்ன கல்லு பாப்பா?"

சுகிர்தா எழுந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அதில் நம்பர் எழுதியிருக்கவில்லை.

மேஸ்திரி சிரித்ததுகூடப் பரவாயில்லை. அவரே பேரையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதே கல்லைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி, பத்துக்குப் பத்து வாங்கியவள் இவள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்படித்தான் படிச்சே?" என்று கேட்டார் மேடம்.

சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பரீட்சையில நம்பரை மறைச்சிருவாங்க. மூலை உடைஞ்சிருந்தா நாப்பத்திரண்டு, பளிங்கு. மஞ்சப் பெயிண்டு சொட்டியிருந்தா இருபத்தெட்டு, சுண்ணாம்புக் கல்லு. ஓட்டை ஓட்டையா, ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுன்னு இருந்தா பதினேழு, எரிமலைக் கல்லு. எல்லாருமே அப்படித்தாங்க. சீனியருங்க சொல்லிக் குடுத்தது."

பிள்ளைகளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அந்தத் துறையில் கல் மாறியதே கிடையாது. தாத்தா காலத்துக் கல்லே பேரன் தேர்வுக்கும் வரும். போதாக்குறைக்கு, 'மாதிரிகளை உடைக்கக் கூடாது' என்று அறை வாசலில் ஒரு பலகை வேறு.

"மூணு வருஷம் வீணாப் போச்சுங்க மேடம். எம்பொண்ணு பூமிக்கு அடியில இருக்கறதைச் சொல்லிருவான்னு அப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. நாளைக்கும் நூறு வாங்கினா எனக்கே கேவலமா இருக்கும். கல்லை எப்படிங்க தெரிஞ்சுக்கறது? அதை மட்டும் சொல்லுங்க."

மேடம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். சுகிர்தா காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

மாதிரி அறை அடுப்படிபோல் கொதித்தது. மேடம் அலமாரியைத் திறந்தார்.

"ஏதாவது ஒண்ணு எடு."

அவள் கை பழக்கத்தில் பதினேழின் மேல் போய் நின்றது.

கதவுக்குப் பின்னால் தொங்கிய சுத்தியலை மேடம் எடுத்து நீட்டினார்.

"உடை."

"பலகையில போட்டிருக்குங்களே."

"அதை மாட்டினதே நான்தான். உடை."

முதல் அடி வழுக்கியது. இரண்டாவதில் ஒரு சில்லு தெறித்தது. மூன்றாவது அடியில் கல் இரண்டாகப் பிளந்தது.

"பேரைச் சொல்லாதே. என்ன பார்க்கறயோ அதைச் சொல்லு."

சுகிர்தா கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.

"கறுப்பு. கண்ணாடி மாதிரி மினுங்குது. உள்ளயும் ஓட்டை. சைஸுக்கு மேல கனம்."

"அப்புறம்?"

சுகிர்தா கல்லை இன்னும் கண்ணருகே கொண்டுபோனாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு."

"நடுவுல கரி இருக்குங்க."

"என்ன கரி?"

"அடுப்புக் கரி. மரத்தோட ரேகைகூடத் தெரியுது. தொட்டா விரல்ல ஒட்டுது." லென்ஸை இறக்கிவிட்டு மேடத்தைப் பார்த்தாள். "இது எரிமலைக் கல்லு இல்லைங்க மேடம். கல்லே இல்லை. யாரோ உலை மூட்டி இரும்பு உருக்கியிருக்காங்க. இது அதுல மிஞ்சின கிட்டம்."

மேடம் லென்ஸை வாங்கினார். ஒரு பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கரியைத் தொட்டு, கறுத்த விரலையும் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிட்டம்தான்."

மின்விசிறி கிறீச்சிட்டது. பரீட்சைக்கே வரமாட்டேன் என்றவளுக்கு இப்போது வேறு கவலை வந்துவிட்டது.

"நாளைக்கு இது வந்தா நான் என்னன்னு எழுதட்டும்? பதிவேட்டுல எரிமலைக் கல்லுன்னுதானே இருக்கு? வெளியூர்த் தேர்வாளர் அதைப் பார்த்துத்தானே மார்க் போடுவாரு?"

மேடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பதிவேட்டை இறக்கினார். பதினேழாம் வரியைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் போட்டார். அன்றைக்கு நாற்பது கையெழுத்துப் போட்ட கை, நாற்பத்தோராவதைப் போடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

சுகிர்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா எரிமலைக் கல்லுன்னு எழுதி முழு மார்க் வாங்கினவங்க எல்லாம், மேடம்?"

"அவங்கள்ல ஒருத்தி இருபத்திரண்டு வருஷமா இங்க பாடம் நடத்தறா."

மேடம் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

"பதினெட்டை எடு."