சொல்லாமல் வைத்த போன்

சங்கரபாண்டியன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்று. குருவுக்கு அறுபத்தெட்டு.

குருவின் பெயர் மரியபுஷ்பம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்து மாடியில், செவ்வாயும் வெள்ளியும், அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தார். பேச்சு அளந்துதான் வரும்.

முதல் நாளே சீடர் கேட்டார்.

“டீச்சர், போன்ல பேசுதவன் திருடனா நல்லவனான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?”

“எதுக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி?”

அவர் சொன்னார். போன மாசம் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை திடீரென்று சிவந்து, கூச்சல் போட்டிருக்கிறது. வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணைக் கூப்பிடு என்று எழுத்து. பாவம் மனுஷன், கூப்பிட்டுவிட்டார். ‘சாப்பிட்டீங்களா ஐயா’ என்று ஆரம்பித்தான் ஒருத்தன். எதையோ இறக்கச் சொன்னான். திரையில் வந்த நம்பரைக் கேட்டான். சொன்னார். அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. நகர்ந்து நகர்ந்து ‘செண்பகம்’ என்ற ஃபோல்டரில் போய் நின்றது.

செண்பகம் அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே அந்த அம்மா பாடியதை எல்லாம் மகள் பதிவு செய்து அதில் போட்டு வைத்திருந்தாள். தினம் காலையில் ஒரு பாட்டைக் கேட்டால்தான் அவருக்குக் காப்பியே இறங்கும்.

“சொன்னபடி செய்யலேன்னா எல்லாத்தையும் அழிச்சிருவேன்னான், டீச்சர். அப்பவும் நான் ‘கொஞ்சம் இருங்க தம்பி, கொஞ்சம் இருங்க தம்பி’ன்னு கெஞ்சிக்கிட்டிருக்கேன். நல்லவேளை, கரண்டு போச்சு.”

பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தார். பாட்டுகள் தப்பின. இன்னொரு தடவை தப்புமா என்பதுதான் அவருடைய கவலை.

“அம்பு நகரும்போதே போனை வச்சிருக்கலாமே?”

“மரியாதையாப் பேசுதவன்கிட்ட பட்டுன்னு எப்படி டீச்சர் வைக்க?”

அதுவும் சரிதான். முப்பத்தெட்டு வருஷம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவர் அவர். நூறு சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்தவர்களையும் ‘போயிட்டு வாங்க’ என்று கும்பிட்டே அனுப்பியிருக்கிறார். அவராக ஒருத்தரிடமும் ‘போதும்’ என்று சொன்னதில்லை.

“திருடனைக் கண்டுபிடிக்கது நம்ம வேலை இல்ல. வைக்கப் படிங்க. வச்சிட்டு, உங்க கையால நோட்டுல எழுதின நம்பருக்கு நீங்க கூப்பிடுங்க,” என்றார் குரு.

பயிற்சி ஆரம்பமாயிற்று. குரு அறையின் அந்த மூலையிலிருந்து போன் செய்வார்.

“கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து பேசுதோம்.”

“சரிங்க. அப்போ... வச்சிரட்டுமா?”

“வைக்காதீங்க.”

சங்கரபாண்டியன் வைக்கவில்லை! வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்படியே மூன்று வாரம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கே சலித்துப்போனது.

“டீச்சர், பேசுதது நிசமாவே கஷ்டப்படுத ஆளா இருந்தா? முகத்தில அடிச்ச மாதிரி வைக்கது பாவமில்லையா?”

குரு தன் எக்ஸ்சேஞ்ச் நாட்களைச் சொன்னார்.

“வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ணுத காலத்தில மூணு நிமிஷம்தான் கணக்கு. அழுதுக்கிட்டிருப்பாங்க. எழவு சொல்லுவாங்க. பிள்ளை பிறந்ததைச் சொல்லுவாங்க. மூணு நிமிஷம் ஆச்சுன்னா நான் ஒயரைப் பிடுங்குவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்குப் போய் நானும் அழுதிருக்கேன்.”

“பெறவு?”

“பேசியே ஆகணும்னு இருந்தவங்க மறுபடி புக் பண்ணி வந்தாங்க.”

அடுத்த செவ்வாய் காலை, வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் சங்கரபாண்டியன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

“அப்பா, வடிவு பேசுதேன்.” நாசிக்கில் இருக்கும் மகள். ஒரே அழுகை. “என் போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சுப்பா. அம்மா பாட்டெல்லாம் அதிலதான் இருந்துது. கம்ப்யூட்டரைத் திறங்க. நான் இங்க இருந்தே எடுத்துக்கிடுதேன். ஸ்கிரீன்ல வார நம்பரை மட்டும் சொல்லுங்க.”

அன்றைக்கு அந்தத் திருடன் கேட்ட அதே திரை நம்பர். அதே கேள்வி. ஆனால் பெற்ற மகளின் குரல்.

“அப்பா, கேக்குதா? அம்மா குரலைக் கேக்கணும் போல இரு...”

வைத்துவிட்டார்.

நோட்டை எடுத்தார். மகள் நம்பர் அணைந்து கிடந்தது. மருமகன் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தத் தெரியாத நம்பர் திரும்பவும் வந்தது. அதை எடுக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

வகுப்புக்குள் நுழையும்போதே குரல் உடைந்தது.

“அழுத பிள்ளைய பாதிப் பேச்சில வச்சிட்டேன், டீச்சர். நான் மனுஷனா?”

குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பன்னிரண்டரைக்குச் சங்கரபாண்டியனின் போன் அடித்தது.

“நோட்டைப் பாருங்க,” என்றார் குரு.

ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். மருமகன் நம்பர்தான். எடுத்தார்.

“அப்பா, காலையில பேசினது நாந்தான்ப்பா! பக்கத்து வீட்டு அக்கா போன். இவுக இப்பத்தான் சாப்பிட வந்தாக, இவுக போன்ல பேசுதேன்.”

“ஐயோ தாயி, மன்னிச்சிரு. ஒரு வார்த்தை சொல்லாம...”

வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். “நீங்க வச்சதுதான்ப்பா சரி. அம்மா பாட்டு பத்திரமா இருக்குல்லா?”

“இருக்கு தாயி.”

“அது போதும். லீவுக்கு வரும்போது நானே வந்து எடுத்துக்கிடுதேன்.” வைத்துவிட்டாள்.

சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மனசு மட்டும் ஆறவில்லை.

“அவதான், டீச்சர். நிசமாவே அவதான். சொல்லாம வச்சிட்டேனே!”

“இப்ப அவ மட்டும் ‘வைக்கேன்’னு சொல்லிட்டா வச்சா?”

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். “இல்ல. அவ என்னைக்கும் அப்படித்தான். பேசி முடிச்சா பட்டுன்னு வச்சிருவா.”

“அதுக்காக என்னைக்காவது அவமேல உங்களுக்கு வருத்தம் வந்துதா, அண்ணாச்சி?”