ரகரத்தின் அடியில் சாய்கோடு வந்த கதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதரும் ஒருவரோடொருவர் பேசினார்கள். ர என்ற எழுத்தும், கா, மா என்று எழுதும்போது பக்கத்தில் போடுகிற துணைக்காலும் அன்று ஒரே மாதிரி இருந்தன.

மலைக்குகையில் குட்டி ஈன்ற கரடி ஒன்று, கல்லில் எழுத்து வெட்டும் வேம்பியைத் தேடி வந்தது.

"குட்டிகள் இருக்கும்போது யாராவது திடீரென்று நுழைந்தால் என் கை சும்மா இருக்காது, தாயே. வாசலில் எழுதி வைத்துவிடு."

வேம்பி குகை வாசலில் 'உள்ளே கரடி உண்டு' என்று வெட்டினாள்.

சில நாளில் சாத்தன் என்ற உப்பு வியாபாரி வெயிலில் நா வறண்டு அந்த வழியே வந்தான். அவன் கண்ணில் 'உள்ளே காடி உண்டு' என்று பட்டது. காடி என்றால் புளித்த கஞ்சி. யாரோ புண்ணியவான் வைத்திருக்கிறான் என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனான்.

கரடி பாய்ந்து தோளைக் கிழித்தது. "கஞ்சிக்குத்தான் வந்தேன்..." என்று அவன் முனகியதும் ஓங்கிய கையைத் தாழ்த்தியது. அவனை முதுகில் சுமந்துகொண்டு வேம்பியின் வீட்டுக்கு ஓடியது.

"எழுதச் சொன்னேனே! எழுதினாயா இல்லையா?"

"எழுதினேனே!"

வேம்பி பச்சிலை வைத்துக் கட்டினாள். கரடி தினமும் தேனடை கொண்டுவந்து வைத்துவிட்டு, சாத்தன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனது.

காயம் ஆறியதும் வேம்பி அவனைக் குகைக்கு அழைத்துப் போனாள்.

"நன்றாகப் பாருங்கள். கரடி என்றுதானே இருக்கிறது?"

"வெட்டியவள் நீ, உனக்குத் தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்? நடந்துகொண்டே பார்த்தேன், தாயி. தாகம் வேறு."

வேம்பி பாதையில் வெகுதூரம் பின்னால் போய், கரடியை மறந்து, தண்ணீரை மட்டும் நினைத்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். பாறையில் காடி என்று இருந்தது.

உளியை எடுத்தாள். உடனே தயங்கினாள். "முன்னோர் தந்த எழுத்து. மாற்றினால் ஊர் ஏசுமே."

"ஏசட்டும்" என்றது குகைக்குள்ளிருந்து கரடி. "இன்னொருவனை என்னால் சுமக்க முடியாது."

வேம்பி ரகரத்தின் அடியில் ஒரு சாய்கோடு இழுத்தாள். சாத்தனைத் தொலைவிலிருந்து நடந்து வரச் சொன்னாள். பாதி வழியிலேயே அவன் கால்கள் நின்றுவிட்டன.

"கரடி" என்றான்.

அன்று முதல்தான் ரகரம் அடியில் சாய்கோட்டோடு நிற்கிறது, அவசரமாகப் போகிறவர் கண்ணுக்கும் துணைக்காலிலிருந்து வேறாகத் தெரியும்படி.