பிளவின்மேல் ஒட்டிய கண்ணாடி

“எனக்குள்ள ஒண்ணு குடியேறியிருக்கு அம்மா. அதை வெட்டி எறியலாம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் சிவக்கொழுந்து ஓதுவார்.

குகைக்குள் அமர்ந்திருந்த பாறையம்மா நிமிர்ந்து பார்த்தார். ஓதுவாருக்கு மகள் வயதுதான் அவருக்கு. ஆனாலும் ஒரு முடிவுக்கு வரமுடியாமல் தவிப்பவர்கள் மலையேறி அவரிடம் வருவது வழக்கம்.

“எங்கே?”

ஓதுவார் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மீசை அரும்பிய காலம் முதல் சந்நிதியில் தேவாரம் பாடிவந்த தொண்டை.

“தைராய்டுல புற்றுநோய். மிளகு அளவுதானாம். டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? அவசரமில்லையாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம், வளர்ந்தா அப்ப எடுத்துக்கலாம், அதனால உமக்கு நஷ்டம் ஒண்ணுமில்லைங்கறார். புற்றுநோயை மடியில கட்டிக்கிட்டுச் சும்மா இருன்னு சொல்ற டாக்டரை நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“வெட்டினா?”

“பக்கத்துல குரல் நரம்பு போகுது. அநேகமா ஒண்ணும் ஆகாது. சிலபேருக்குக் குரல் போயிடுமாம். போனாப் போகட்டும்! வேற ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடி நாள் வாங்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை.”

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் மேலே உயர்த்தினார்.

அவர்கள் இருந்த பக்கத்தில் குகையின் கூரை ஒரே பாறை. அதன் குறுக்கே, உறங்குகிறவனின் திறந்த வாய்போல, ஒரு பிளவு ஓடியது. பிளவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு. இரு முனையும் சிமெண்டில் பதிக்கப்பட்டிருந்தன.

இக்கதையைச் சொல்பவர்களில் சிலர் அது சன்னல் கண்ணாடி என்பர். சிலர் அரிக்கேன் விளக்கின் சிமினித் துண்டு என்பர். அம்மாவின் பாய் அதற்கு நேர் கீழே கிடந்தது என்பதில் மட்டும் எவரும் மாறுபடுவதில்லை.

“பாறை அசைஞ்சா கண்ணாடி உடையும்” என்றார் அம்மா. “காலையில ஒரு தடவை பார்ப்பேன். சாயங்காலம் ஒரு தடவை.”

“வெடி வச்சுத் தள்ளிடலாமே?”

“தள்ளலாம். கூரையும் போகும். உள்ளே ஊறுற சுனையும் போகலாம்.”

“அதான் விட்டுட்டீங்க.”

“விட்டுட்டேன்னு யார் சொன்னது?”

வெள்ளிக்கிழமை வரும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். தம் பாயை ஓதுவாருக்குக் கொடுத்துவிட்டு எதிர்ப்புறம் ஒரு சாக்கை விரித்துக்கொண்டார். இருவர் தலைக்கும் மேலே அதே பாறை.

வெயில் தாழ்ந்ததும் பாறை தட்டியது.

டிக்.

உள்ளேயிருந்து எவரோ நகத்தால் சுண்டியது போன்ற ஓசை. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. ஓதுவார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருப்பது தெரிந்ததுபோல அது மறுபடியும் தட்டியது.

“கேட்டுதா அம்மா?”

“கேட்டுது.”

“என்ன அது?”

“பாறை சூடு ஆறுது.”

“நிச்சயமா?”

“கண்ணாடி முழுசா இருக்கே.”

ஓதுவார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மேல் ஸ்தாயியில் ஒரு இழை பாடிப் பார்த்தார். குரல் இருந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்தார். நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து இதுவே பழக்கமாகிவிட்டது. குளிக்கும்போது பார்ப்பார், உண்ட கை காயுமுன் பார்ப்பார். இம்முறை இழை கரகரத்தது.

“பாத்தீங்களா, குரல்ல கை வச்சிடுச்சு. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பார்த்துட்டு எல்லாம் நல்லா அசையுதுங்கறார் டாக்டர். எனக்கில்ல தெரியும்!”

அம்மா கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் ஓதுவார் ஒரு கல்லின்மேல் ஏறிப் பிளவை எட்டினார். கண்ணாடி முழுதாகத்தான் இருந்தது. கண்ணுக்குப் படாத கீறல் இருந்தால்? விரலால் வருடிப் பார்த்தார். இறங்கினார். டிக். மறுபடி ஏறினார். பிளவுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று அவர் முகத்தில் பட்டது. விட்டு விட்டு, மூச்சு விடுவதுபோல. வருடினார். அழுத்தினார்.

இந்த இடத்தில் கதை இரண்டாகக் கிளைக்கிறது. அழுத்தியதால் உடைந்தது என்பது ஒரு வழக்கு. விரல் பட்டதுமே உடைந்தது என்பது இன்னொன்று. கண்ணாடி உடைந்தது என்பதே இரண்டிற்கும் பொது.

சுனையில் நீர் மொண்டுகொண்டிருந்த அம்மா குடத்தை அப்படியே போட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓதுவாரின் மேல்துண்டைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். வெளியே நல்ல மழை.

“அம்மா, பாறை அசையல! நான்தான் உடைச்சேன்!”

“எப்படித் தெரியும்?”

“என் விரல் பட்டுத்தானே...”

“விரல் பட்ட அதே நேரத்துல பாறையும் அசைஞ்சிருந்தா?”

ஓதுவார் குகை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அவ்வழியே வந்த ஆடு மேய்க்கும் பையனைக் கீழூருக்கு அனுப்பினார் அம்மா. கல் தச்சர் மாயாண்டி வந்து சேரும்வரை இருவரும் மழையிலேயே நின்றார்கள். அம்மாவின் உதடுகள் நடுங்கின. குளிரால் மட்டும் அல்ல. ஓதுவார் அதைக் கண்டார்.

பிளவின் இரு கரையிலும் முன்பே உளியால் கொத்தி வைத்த புள்ளிகள் இருந்தன. அந்த இடைவெளிக்கு அன்றே நறுக்கி வைத்திருந்த மூங்கில் சிம்பைப் பொருத்தி மாயாண்டி அளந்தார்.

“ஒரு நூல்கூட நகரல. ஓதுவாரே, கல்லு சும்மாத்தான் இருக்கு. உங்க விரலுக்குத்தான் சும்மா இருக்கத் தெரியல.”

“நகர்ந்திருந்தா என்ன பண்ணுவீங்க?”

மாயாண்டி குகையின் வலப்புறத்தைக் காட்டினார். அங்கே கூரை இல்லை. உளித் தழும்புகளுக்கு நடுவே வானம் தெரிந்தது.

“அந்தப் பக்கத்துக் கண்ணாடி தானா உடைஞ்சுது. அன்னைக்கே ஆள் கூட்டியாந்து அந்தப் பாறையைக் கொத்தி இறக்கிட்டோம். அம்மா மறுபேச்சுப் பேசல.”

புதிய கண்ணாடி பதித்துவிட்டு மாயாண்டி இறங்கிப் போனார். மழை விட்டது. நனைந்த பாறையில் வெயில் பட்டதும் மீண்டும் அந்த ஓசை.

டிக்.

ஓதுவாரின் கை தானாகக் கண்ணாடியை நோக்கி எழுந்தது, பாதியில் நின்றது. குரலைப் பார்க்க வாய் திறந்தது. அதுவும் பாதியில் நின்றது. பாடிப் பாடிப் பார்த்தே எரிந்துகொண்டிருந்த தொண்டையோடு, கண்ணாடியை உடைத்த தம் விரலைப் பார்த்தார்.

பிறகு கைப்பேசியோடு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து, நாள் கொடுத்த ஆஸ்பத்திரியை அழைத்தார்.

“வெள்ளிக்கிழமை வரல” என்றார் அங்கிருந்து. “இல்ல, பயந்துட்டு இல்ல. எங்க டாக்டர் ஐப்பசியில பார்க்கணும்னு சொல்லியிருக்கார். அப்பப் போய்ப் பார்ப்பேன். வளர்ந்திருந்தா மறுநாளே ஆபரேஷனுக்குப் படுத்துக்கறேன்.”

திரும்பி வந்தபோது அம்மா பிளவுக்கு நேர் கீழே, சாக்கில் படுத்திருந்தார். ஓதுவார் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சொல்லிட்டேன் அம்மா. ஆனா ஐப்பசி வரைக்கும் இந்தப் பயத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? இப்ப உங்களுக்குப் பயமே இல்லையா?”

பாறையம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“இருக்கு. சாயங்காலம் பயப்படுவேன். இப்பத் தூங்கணும்.”