பேச்சித்தாயின் ரத்தத்தில் குறைந்த சர்க்கரை

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள் என்பதால் எண்களைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர் ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தில்லைநாயகம் தலைவர். இருபத்தாறு வருட அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டது, தன்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான். உப்பளக் குடியிருப்பில் கர்ப்பிணிகளுக்கு முகாம் நடத்தப் புறப்பட்ட செவிலியர் எஸ்தர் கனி, ரத்தக் குழாய்களைக் குளிரில் வைத்துக் கொண்டுவர ஐஸ் பெட்டி கேட்டார். தில்லைநாயகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எதுக்கு சிஸ்டர், வர்ற வழியில மீன் விக்கவா?”

எஸ்தர் வெறும் பையோடு போனார்.

முகாமுக்கு வந்த பேச்சித்தாய்க்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு எஸ்தர் அவள் விரலில் குத்திக் கைக்கருவியில் பார்த்தார். 188. கர்ப்பிணிக்கு 140-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று அர்த்தம். உடனே அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்து இரண்டு குழாய்களில் பிரித்தார். சிவப்பு மூடி போட்டது வெறுங்குழாய். சாம்பல் மூடி போட்டதன் அடியில் கொஞ்சம் ஃபுளோரைடு தூள் உண்டு.

வேன் பஞ்சராகிச் சித்திரை வெயிலில் நின்றது. கூடத்துக்கு வந்து சேர மாலை ஐந்து. பரிசோதகர் முபீனா இரண்டையும் ஒரே இயந்திரத்தில் பார்த்தாள். சிவப்பு மூடி 112. சாம்பல் மூடி 178.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. இதுகளை எல்லாம் படிக்க வைத்தது யார் என்று நினைத்துக்கொண்டார்.

“கைக்கருவி விளையாட்டுச் சாமான். சாம்பல் குழாய்ல மருந்து கலந்திருக்கு, அது எண்ணைக் கெடுத்திருச்சு. எதுவும் கலக்காத ரத்தம் சொல்றதுதான் நிஜம். நார்மல்னு போடு.”

முபீனா போடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர் மேசைக்கு வந்தாள்.

“சார், திரும்பப் பார்த்தேன். சிவப்பு 101-க்கு இறங்கிருச்சு. சாம்பல் அப்படியே இருக்கு.”

“மெஷின் கோளாறு.”

“அப்படின்னா ரெண்டும்தானே சார் மாறணும்?”

உப்பு வாரும் ஒருத்தியின் ரத்தத்துக்காகத் தன் கூடத்திலேயே தன்னிடம் குறுக்குக் கேள்வி கேட்கிறாள் என்பதில் அவருக்கு வாய் கசந்தது. பதில் சொல்வது மரியாதைக் குறைவு என்று முடிவு செய்தார். தானே 112 என்று தட்டி, ‘இயல்பு’ என எழுதிக் கையெழுத்திட்டார்.

முபீனா எஸ்தருக்குப் போன் செய்தாள். “இந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க சிஸ்டர். நாளைக்குக் காலையில அவங்களை நேரா இங்கேயே கூட்டிட்டு வாங்க. புதுசா எடுத்து உடனே பார்த்துருவோம்.”

“இன்னொரு தடவை எதுக்கு அந்தப் பிள்ளையக் குத்தணும்?” என்றார் எஸ்தர். “188-ஐ என் கண்ணால பார்த்தேன். டாக்டர்கிட்ட சொல்லி இன்னைக்கே ஊசி போட ஆரம்பிச்சிரலாம்.”

ஒரே பெண்ணின் ரத்தம். ஒருவர் நோயே இல்லை என்கிறார், ஒருத்தி மறுபடி பார்ப்போம் என்கிறாள், ஒருவர் இன்றே மருந்து என்கிறார். வழியெல்லாம் மூடியே இருந்த குழாயிலிருந்து சர்க்கரை எங்கே போனது? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: தின்றது அந்த ரத்தமேதான். உடலை விட்டு வந்த பிறகும் ரத்தச் செல்கள் உயிரோடு இருக்கும். உள்ளே நுழைந்த குளுக்கோஸ்மீது செல் தன் கைவசமுள்ள சக்தியில் கொஞ்சம் செலவழித்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு அது வெளியேற முடியாது. அடுத்து அதை இரண்டாக உடைத்து, செலவழித்ததைவிட அதிகச் சக்தியை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஆக்சிஜன்கூட வேண்டாம். வெயில் அந்த வேகத்தைக் கூட்டியது. ஃபுளோரைடு இந்த வேலையின் பிற்பகுதியில்தான் தடை போடும். அதனால் சாம்பல் குழாயில் முதலில் சற்றுக் குறைந்து பிறகு நின்றுவிட்டது. எஸ்தரின் எண் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் ஒரு விரல் குத்தையும் வெயிலில் கிடந்து வந்த ஒரு குழாயையும் மட்டும் வைத்து ஊசி போட முடியாது. முபீனா சொன்னதே சரி. மறுநாள் அதேபோல் குளுக்கோஸ் கொடுத்து, எடுத்த கையோடு பார்த்தபோது 184. பேச்சித்தாய் இன்சுலின் போட்டுக்கொண்டாள். பெண் குழந்தை, நல்ல குரல். திருத்திய அறிக்கையில் ‘காரணம்’ என்ற இடத்தில் தில்லைநாயகம் எழுதியது: தட்டச்சுப் பிழை.